தாயும் சேயும் நலமா?

ஆபரேஷன் தியேட்டர் கதவு லேசாகத் திறக்கும். நர்ஸ் தலையை மட்டும் நீட்டி, "பொண்ணு பொறந்திருக்கு, மூணு கிலோ" என்பார். அடுத்த நொடி வெளியே நிற்கும் பத்துப் பேர் கையிலும் செல்போன். அத்தை, சித்தப்பா, ஆபீஸ் மேனேஜர், அமெரிக்காவில் இருக்கும் மச்சான், எல்லோருக்கும் ஒரே செய்திதான் போகும்: "தாயும் சேயும் நலம்."

சேய் நலம், சரி. தாய்?

அந்தச் செய்தி ஊரெல்லாம் பரவிக்கொண்டிருக்கும்போது தாய் இன்னும் மேஜை மேலேயேதான் கிடக்கிறாள். சிசேரியனில் கத்தி வைத்த ஐந்து பத்து நிமிடங்களில் குழந்தை பெரும்பாலும் வெளியே வந்துவிடும். மீதி அரை மணி, முக்கால் மணி நேரமும் தைக்கிற வேலை. நீங்கள் "நலம்" என்று அறிவித்துக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் வீட்டுப் பெண்ணின் கருப்பையில் டாக்டர் ஊசியும் நூலும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இந்த அவசரம் அந்த ஒரு நாளோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த ஆறு வாரமும் நம் வீடுகளில் இதே கதைதான். குழந்தை வந்தாயிற்று, எனவே அம்மாவும் தேறியாயிற்று என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும். சிசேரியன் என்பது பிரசவம் மட்டுமில்லை. அது வயிற்றைத் திறந்து செய்கிற பெரிய ஆபரேஷன். தோல், அதன் கீழே கொழுப்பு, அதன் கீழே தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறை, இவை வெட்டப்படுகின்றன. தசைகளை இரண்டு பக்கமும் விலக்குகிறார்கள். பிறகு வயிற்றின் உள்சவ்வு, கடைசியாகக் கருப்பை. அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் போகும். மேல்தோல் ஒன்றிரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு "தையல் ஆறிடுச்சே" என்கிறோம். உள்ளே இருக்கும் அந்தக் கெட்டி உறை தன் பழைய பலத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். தழும்பைச் சுற்றி மரத்துப்போன இடம் சிலருக்குப் பல மாதம் கழித்தும் மரத்தே கிடக்கும். நரம்புகளும் அறுபட்டிருக்கின்றன அல்லவா?

இப்போது உங்கள் தெருவில் ஒருவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும்? ஆபீசுக்கு லீவு. ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி. "மாமா, குனியாதீங்க. நான் எடுத்துத் தர்றேன்." டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள். அவர் தூங்கினால் யாரும் எழுப்ப மாட்டார்கள். ரொம்ப சரி. அப்படித்தான் இருக்க வேண்டும்.

சிசேரியன் ஆனவளுக்கு? முதல் நாள் ராத்திரியே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பால் கொடுக்க வேண்டும். டிரிப்ஸ் ஒரு கையில், குழந்தை மறு கையில். இருமினால் உயிர் போகிறது. பார்க்க வருகிறவர்கள் கட்டிலில் அவள் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டு, "யார் ஜாடை?" என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள். வீட்டுக்கு வந்தால் பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ தொட்டில் போடும் விழா. பட்டுப்புடவை கட்டி, மனையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து போட்டோ. மனையில் உட்காரவும் எழவும் வயிற்றுத் தசைதான் வேலை செய்யும் என்பது புரோகிதருக்கும் தெரியாது, போட்டோகிராபருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். போட்டோவுக்காகச் சிரிப்பாள்.

அதே வயிறு. அதே கத்தி. அந்த ஆசாமி நோயாளி. இவள் மட்டும் ஏன் உபசரிக்கும் வீட்டுக்காரி?

காரணம் நம் வாயிலேயே இருக்கிறது. "சுகப்பிரசவமா, சிசேரியனா?" என்று கேட்கிறோம் பாருங்கள், அந்தக் கேள்வியில். ஒன்று சுகம் என்றால் இன்னொன்று என்ன? குறுக்கு வழி. சோம்பேறி வழி. "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வலி தாங்கற சக்தி எங்கே இருக்கு? கத்தி வெச்சு எடுத்துக்கறாங்க." இதைச் சொல்கிற அத்தைகளும் மாமாக்களும் எல்லா வீட்டிலும் உண்டு. வலியைத் தவிர்த்தவளுக்கு ஓய்வு எதற்கு என்பதுதான் இதன் உட்பொருள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிரசவ வலியும் பட்டு, கடைசியில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்ததால் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகப்பட்டவளும் இந்த வசனத்தைக் கேட்டாக வேண்டும். அவளுக்கு இரண்டு வலியும் கிடைத்தது. பெயர் மட்டும் கெட்டுவிட்டது.

"சிசேரியன் தேவையில்லாமல் நடக்கிறதே, அதைப் பற்றி எழுத மாட்டீர்களா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் 63.8 சதவீதம். அகில இந்திய சராசரி 21.5. பத்து முதல் பதினைந்து சதவீதத்துக்கு மேல் அவசியமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985-லேயே சொல்லிவிட்டது. நல்ல நட்சத்திரம் பார்த்து, லக்னம் குறித்து, டாக்டரிடம் நேரம் கேட்டு வாங்கி ஆபரேஷன் செய்கிற வீடுகளும் இருக்கின்றன. எல்லாம் உண்மை. இதற்காக ஆஸ்பத்திரிகளைக் கேள்வி கேளுங்கள். அரசைக் கேளுங்கள். ஜோசியரையும் கேளுங்கள்.

ஆனால் கத்தி வைத்தாகிவிட்ட பெண்ணை ஏன் தண்டிக்கிறீர்கள்? தேவையான சிசேரியனோ, தேவையில்லாத சிசேரியனோ, வெட்டு ஒன்றுதான். நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு நடக்கிற ஆபரேஷன் என்றால், ஒவ்வொரு தெருவிலும் அதிலிருந்து தேறிக்கொண்டிருக்கும் ஒருத்தி இருக்கிறாள். எண்ணிக்கையைப் பற்றி நடக்கிற விவாதத்தில் பாதியாவது, அவள் கட்டிலிலிருந்து எப்படி எழுந்திருக்கிறாள் என்பதைப் பற்றி நடக்கக் கூடாதா?

இந்த ஆபரேஷனின் சரித்திரமே தாயை மறந்த சரித்திரம்தான். ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்தார், அதனால்தான் இந்தப் பெயர் என்று படித்திருப்போம். அது கட்டுக்கதை. சீசர் வளர்ந்து பெரிய ஆளாகி ஊரை அடித்துப் பிடித்துக்கொண்டிருந்த காலத்திலும் அவருடைய அம்மா அவுரேலியா உயிரோடு இருந்தார். அந்த நாளில் வயிற்றைக் கீறுவது செத்துப்போன அல்லது சாகப்போகும் கர்ப்பிணிகளுக்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும்கூட, குழந்தையை எடுத்தபின் கருப்பையைத் தைக்காமல் அப்படியே விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். பெண்கள் ரத்தம் போயும் கிருமி தாக்கியும் செத்தார்கள். 1882-ல் மாக்ஸ் சேங்கர் என்ற ஜெர்மன் டாக்டர்தான் கருப்பையை ஒழுங்காகத் தைத்து மூடும் முறையை விளக்கி எழுதினார். உள்ளே தைக்க வேண்டும் என்று தோன்றவே மனிதனுக்கு இத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இன்று உயிரைக் காப்பாற்றுவதில் நாம் கெட்டிக்காரர்கள். தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் பிரசவத்தை ஒட்டி இறக்கும் தாய்மார்கள் 54 பேர். இந்தியாவுக்கு அது 97. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் சாகவில்லை என்பதும் நலம் என்பதும் ஒன்றா? சாகாமல் வீடு திரும்பியவளைத் தேற்ற நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது?

"ஏன் இல்லை? பத்தியம் இருக்கிறதே!" என்று பாட்டிமார்கள் கிளம்புவார்கள். வாருங்கள், பேசுவோம்.

பாட்டி காலத்துப் பிரசவப் பக்குவத்தில் இரண்டு பாகம். ஒன்று ஓய்வு. தாய் வீட்டில் நாற்பது நாள், தொண்ணூறு நாள். அடுப்படிப் பக்கம் போகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, குழந்தையைக் குளிப்பாட்ட வேறொருத்தி. தீட்டு என்று சொல்லித்தான் ஒதுக்கி வைத்தார்கள், அந்தக் காரணம் வேண்டாம். ஆனால் அந்த ஓய்வு பொன்னானது. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் நல்ல சாப்பாடு. இரண்டாவது பாகம், தடைகள். தண்ணீர் குடிக்காதே, பருப்பு சேர்க்காதே, பழம் தொடாதே.

இப்போது என்ன நடந்திருக்கிறது தெரியுமா? முதல் பாகத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம். இரண்டாவதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். தனிக்குடித்தனம், அம்மாவும் வேலைக்குப் போகிறார், மாமியாருக்கு மூட்டுவலி. எனவே பதினைந்தாம் நாளே குக்கர் வைக்க வேண்டும். ஆனால் தண்ணீர் மட்டும் குடிக்கக் கூடாது!

தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்காது. விரிந்த கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே சுமார் ஆறு வாரம் ஆகும், வயிறு அதனால்தான் பெரிதாகத் தெரிகிறது. பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். குடிக்காவிட்டால் மலச்சிக்கல் வரும். முக்கினால் தையலில் வலி எப்படி இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்காது. சீழ் வருவது கிருமியால். பருப்பு, முட்டை, மீனில் இருக்கும் புரதம்தான் புண்ணை ஆற்றுகிறது. ஆற வேண்டிய நேரத்தில் அதை நிறுத்துகிறோம். 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைந்தவள், ஆபரேஷனில் இன்னும் இழந்தவள், அவளுக்கு ரசம் சாதம்! பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசுத் திட்டம். எத்தனை வீட்டில் அந்த அட்டை காலியாகிறது?

அடுத்தது, "முதுகுல ஊசி போட்டாங்க, இனிமே ஆயுசுக்கும் முதுகு வலிதான்." ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்குக் கடுமையான தலைவலி வரலாம், அதற்கு வைத்தியம் உண்டு. ஆனால் வருஷக்கணக்கான முதுகு வலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆராய்ச்சிகளில் நிரூபணமாகவில்லை. ஒன்பது மாதம் இழுபட்டுத் தளர்ந்த வயிற்றுத் தசைகள், கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுப்பது, குனிந்து நிமிர்ந்து வேலை செய்வது, இவற்றைக் கேளுங்கள். ஊசி மேல் பழியைப் போட்டுவிட்டால் யாரும் எதையும் மாற்ற வேண்டாம், அந்த வசதிதான்.

வலி மாத்திரை பாலில் கலந்து குழந்தைக்குப் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரியான மாத்திரைகளைப் பால் கொடுக்கும்போதும் டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடலாம். வலி அடங்கினால்தான் அவள் நடப்பாள். நடந்தால்தான் காலில் ரத்தம் உறையாது. பொறுத்துக்கொள்வது பதிவிரதா தர்மமெல்லாம் இல்லை, ஆபத்து.

பெல்ட் கட்டலாமா? நடக்கும்போது பிடிமானமாக இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கட்டட்டும். அது தொப்பையைக் கரைக்கும் என்று நம்பி மூச்சு முட்ட இறுக்க வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வயிற்றில் வீசி அடித்துக் குளிப்பாட்டும் பழக்கம் பச்சைத் தையலுக்கு ஆகவே ஆகாது.

பாட்டிகளை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது கோழைத்தனம். டாக்டர்கள் பக்கம் வருகிறேன்.

முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்தால் மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வந்து நிற்கிறார். எப்படி எழ வேண்டும், எப்படிப் படியேற வேண்டும் என்று சொல்லித்தருகிறார். சிசேரியன் ஆனவளுக்கு? "நடம்மா, நட" என்று வார்டு ஆயா அதட்டுவதோடு சரி. கட்டிலிலிருந்து நேராக நிமிர்ந்து எழாதே. ஒருக்களித்துப் படு, காலைக் கீழே தொங்கவிடு, கையை ஊன்றி எழு. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள். இதைச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? இரண்டு? லட்சம் ரூபாய் பில் போடுகிற இடத்திலும் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை. இருமும்போது சிறுநீர் கசிகிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னால், "குழந்தை பெத்தா அப்படித்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி இருக்கிறது. சொல்லித்தர ஆள் இல்லை.

சிசேரியனுக்குப் பிறகு சீக்கிரமே சாப்பிட வைப்பது, சிறுநீர்க் குழாயைச் சீக்கிரம் எடுப்பது, வலியை முன்கூட்டியே கட்டுப்படுத்துவது, சீக்கிரம் நடக்க வைப்பது என்று சர்வதேச நிபுணர்கள் வழிமுறை எழுதிப் பல வருஷம் ஆகிறது. நம் ஊரில் சில ஆஸ்பத்திரிகள் பின்பற்றவும் செய்கின்றன. பல இடங்களில் இன்றும் காஸ் பிரியும்வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது.

அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் ஆனால் ஏழு நாள்வரை இலவசச் சாப்பாடு, வீட்டுக்குத் திரும்ப இலவச வண்டி என்று 2011-ல் மத்திய அரசு திட்டம் கொண்டுவந்தது. சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், சிசேரியனுக்கு ஏழு நாள். ஆக, இது வேறு மாதிரி உடம்பு என்று அரசாங்கத்துக்கே தெரிகிறது. நம் வீட்டுக்குத் தெரியவில்லை.

கடைசியாக, கணவரே! இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், உங்களிடம்தான் பேச வேண்டும்.

ஒரு குடம் தண்ணீர் பன்னிரண்டு, பதினைந்து கிலோ இருக்கும். ஆறு வாரத்துக்குக் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் அவள் தூக்கக் கூடாது. அப்படியென்றால் குடம் உங்களுடையது. கேஸ் சிலிண்டர், ஊறவைத்த துணி வாளி, மூத்த குழந்தை, எல்லாம் உங்களுடையவை. பால் கொடுப்பது ஒன்றுதான் உங்களால் முடியாதது. தூக்கிக் கொடுப்பது, ஏப்பம் விட வைப்பது, ஈரத்துணி மாற்றுவது, தூளியை ஆட்டுவது எதற்கும் கருப்பை தேவையில்லை. "நான் காலையில ஆபீஸ் போகணும்" என்று அடுத்த ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறீர்களே, அவள் எங்கே போகிறாள்? ஊட்டிக்கா?

லீவு இல்லை என்பீர்கள். மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் உண்டு. தனியார் கம்பெனியில் அது சட்டப்படி கட்டாயமில்லை. பெண்களுக்கான சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பை 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து ஒரு வருஷம். பாராட்டலாம். ஆனால் சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவளுக்கு எந்த ஆபீஸ் லீவு கொடுக்கும்? ஒரு மாதத்தில் தையலோடு பாத்திரம் தேய்க்க வருகிறவள் உங்கள் வீட்டுக்கே வரக்கூடும். அவளை மாதச் சம்பளத்தோடு இன்னும் இரண்டு மாதம் வீட்டிலிருக்கச் சொல்வீர்களா? அரசாங்கத்தைக் கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கும் பதில் வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சில அறிகுறிகள்: காய்ச்சல், தையல் சிவந்து வீங்குவது, நீரோ சீழோ கசிவது, நாற்றமடிக்கும் போக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கடும் தலைவலி, கண் மங்கல். இதில் எது வந்தாலும் ராகுகாலம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முதல் சில நாள் காரணமில்லாமல் அழுவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் வெறுமையும் விடவில்லை என்றால் அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான். "குழந்தையைப் பார்த்தா எல்லாம் சரியாயிடும்" என்பது மருந்து இல்லை. ஆறாவது வாரம் டாக்டரிடம் போக வேண்டும். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களே, அதே நாளில் அவளையும் பரிசோதிக்கச் சொல்லலாம்.

இதெல்லாம் பெரிய புரட்சி இல்லை. ஹெர்னியா மாமாவுக்குக் கொடுத்த மரியாதையை இவளுக்கும் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகும்போது ஜான்சன் பவுடரும் கிலுகிலுப்பையும் வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாடு செய்து எடுத்துக்கொண்டு போங்கள், பருப்பு சேர்த்தே. பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன்னால் அவள் பக்கம் திரும்பி, "தையல் எப்படிம்மா இருக்கு? ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.